சருகு தீர்ந்தால் பெயரும் போச்சு: புதுப் பூஞ்சையை விவரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருவமழை ஓய்ந்ததும் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு ஏறுகிற மாணவர்கள் மூங்கில் இலை, பிரம்புத் தண்டு, பாக்குப்பாளை என்று பை நிறையச் சருகு கொண்டுவந்து மாய்ஸ்ட் சேம்பரில், அதாவது பூஞ்சை முளைக்கட்டும் என்று ஈரமாக வைக்கும் மூடிய தட்டில், வைக்கிறார்கள். பெட்ரி தட்டைச் சுத்தமாக வை, லேபிள் ஒட்டு என்பதெல்லாம் முதல் வாரமே பழகிவிடும். கட்டுரையையே கவிழ்க்கிற பிழைகள் வேறு. அவை ஆண்டுதோறும் புது ஆள் கையில் அப்படியே திரும்பி வருகின்றன.

ஹோலோடைப்பைத் தீர்த்துவிடுவது

ஹோலோடைப், சுருக்கமாக டைப், என்பது புதுப் பெயருக்கு ஆதாரமாகக் காக்கப்படும் ஒரே மாதிரி. அது தீர்ந்துபோவது இப்படித்தான். இலைத்துண்டில் கறுப்பு மயிர்போல ஏதோ எழும்புகிறது. கொனிடியம் (பாலிலா வித்து) எந்த நூலின் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஆசை பற்றிக்கொள்கிறது. ஊசியால் கிள்ளி ஒரு ஸ்லைடு, படம் தெளிவில்லை என்று இன்னொன்று, மிச்சத்தில் ஒற்றை வித்துப் பிரிப்பு. சேம்பர் மூன்றாவது வாரமும் ஈரமாகவே கிடக்கிறது. ட்ரைக்கோடெர்மா என்ற வேறொரு பூஞ்சை பச்சைப் போர்வை போர்த்துகிறது, மைட் என்ற நுண்ணிய பூச்சி புகுந்து மீதியைத் தின்கிறது. கடைசியில் கையில் இருப்பது பிடிஏ என்ற உருளைக்கிழங்கு ஊடகத் தட்டில் வளர்ந்த கல்ச்சரும் நாலைந்து வற்றிய ஸ்லைடுகளும். ‘கல்ச்சர்தான் இருக்கிறதே, அதையே டைப் என்று எழுதிவிடலாம்’ என்பார்கள். இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வரும்.

உயிரோடு வளர்கிற கல்ச்சர் டைப் ஆகாது. உறையவைத்து உலர்த்தியோ ஆழ்குளிரில் வைத்தோ வளர்சிதைமாற்றம் நின்ற நிலையில் காத்த கல்ச்சர் ஆகும். ஆனால் பெயரிடலுக்கான சர்வதேச விதிப்படி 2019 ஜனவரி 1 முதல், அப்படிக் காக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கட்டுரையிலேயே சொல்லியாக வேண்டும். சொல்லாத பெயர் செல்லாது. டிஎன்ஏ வரிசையை மட்டும் டைப்பாகக் காட்டவும் வழியில்லை. இன்னொரு நட்டமும் உண்டு. சருகுப் பூஞ்சைகளில் பல, தட்டில் வித்தே விடுவதில்லை. பின்னால் ஒப்பிட வருகிறவருக்கு வெறும் நூற்படலம்தான் மிஞ்சும்.

ஆகவே நல்ல கொத்து கண்ணில் பட்ட அன்றே, இரண்டாவது ஸ்லைடுக்கு முன்னால், பிளேடால் இலைத்துண்டை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை இனித் தொடக்கூடாது. சிலிக்கா ஜெல்லிலோ 40 டிகிரி ஓவனிலோ நன்றாகக் காயவைத்து, காகித உறையிலிட்டு, பாலித்தீன் பையில் மூடி, மைட் சாக ஒரு வாரம் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். விளிம்பில் நகப்பூச்சு தடவி மூடிய நல்ல ஸ்லைடு இரண்டை அதனோடு சேருங்கள். மறுபாதியில் எத்தனை ஊசி வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம்.

1990 முதல் டைப் எந்த ஒரே ஹெர்பேரியத்தில் (உலர்மாதிரிக் காப்பகத்தில்) இருக்கிறது என்று எழுதுவது கட்டாயம். புனேயின் அஜ்ரேக்கர் ஹெர்பேரியமோ டெல்லியின் எச்சிஐஓ ஹெர்பேரியமோ, சேர்க்கை எண்ணைக் கையில் வாங்கிய பிறகே கட்டுரையை அனுப்புங்கள். ‘எண் பின்னர் தரப்படும்’ என்பது எண் அல்ல. 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 39ஆம் பிரிவும் புது இனத்தின் மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட நிறுவனத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது.

97 சதவீதக் கணக்கு

ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியின் வரிசையை, ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் பிளாஸ்ட் என்ற தேடல் கருவியில் போட்டு, ஒற்றுமை 97 சதவீதத்துக்குக் கீழே வந்தால் புதுசு என்று குதிப்பது. பழைய சருகுப் பூஞ்சைகள் பலவற்றுக்கு வரைபடமும் உலர்மாதிரியும்தான் உண்டு, வரிசை ஏதுமில்லை. ஜென்பேங்கில் அகப்படாதது புதுசு ஆகிவிடாது. மறுபக்கம், கொலெட்டோட்ரைக்கம், டயபோர்த்தே போன்ற பேரினங்களில் ஐடிஎஸ் மட்டும் சிற்றினங்களைப் பிரித்துக் காட்டாது. டைப்பிலிருந்து எடுத்த வரிசைகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். மற்றவற்றின் பெயர் போட்டவரின் நம்பிக்கை, அவ்வளவே.

அளவு

கொனிடியத்தை ஸ்லைடில் தண்ணீரில் ஏற்றி அளவெடுங்கள். மெல்லிய சுவர்க் கொனிடியம் லேக்டோபீனால் என்ற ஸ்லைடுத் திரவத்தில் சுருங்கும். முற்றி உதிர்ந்தவற்றில் குறைந்தது 30ஐ அளக்க வேண்டும். கண்வில்லை அளவுகோலை ஒவ்வொரு பொருளருகு லென்ஸுக்கும் தனித்தனியாக ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் சரிபாருங்கள். அந்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் ஒரு சிறு பிரிவு 10 மைக்ரான்.

‘காய்ந்த இலைமேல்’

என்று மட்டும் எழுதுகிறார்கள். எந்தச் செடியின் இலை?

மலையின் எந்தப் பக்கம்

ஆரியங்காவு கொல்லம் மாவட்டம், கேரளம். குற்றாலம் தென்காசி மாவட்டம், தமிழ்நாடு. வனத்துறை அனுமதியும் இரண்டு. ‘செங்கோட்டை மலை’ என்று லேபிள் எழுதினால் எந்த அனுமதியில் பொறுக்கியது என்றே சொல்ல முடியாது. ஜிபிஎஸ் எண்ணையும் உயரத்தையும் அங்கேயே குறியுங்கள்.

பதிவு எண்

புதுப் பெயருக்குப் பதிவு எண் 2013 ஜனவரி 1 முதல் கட்டாயம். மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம் போன்ற பெயர்ப்பதிவுத் தளம் ஒன்றில் வாங்கிக் கட்டுரையில் போடுங்கள்.

ஊர்ப்பெயரின் வால்

ஊர்ப்பெயரிலிருந்து சிற்றினப் பெயர் ஆக்கும்போது, ஸ்போரிடெஸ்மியம் போன்ற, லத்தீன் இலக்கணத்தில் ஆணும் பெண்ணும் அல்லாத நியூட்டர் பாலான பேரினத்துக்கு ‘என்சிஸ்’ ஒட்டாது, ‘என்சே’தான். தவறினாலும் பெயர் செல்லும். பின்னால் வருகிறவர் திருத்திவிடுவார், மானம்தான் போகும்.