பூண்டிக்கு மேலே மண் எங்கே அரிக்கிறது? செயற்கைக்கோள் படம் வைத்துத் திட்டமிடும் முறை

பூண்டி நீர்த்தேக்கத்தில் படியும் வண்டலைப் பிறகு தூர்வாருவதைவிட, மண் கிளம்பும் இடத்திலேயே பிடித்து நிறுத்துவது நல்லது. இடத்தைக் கண்டுபிடிக்க முக்கியமாகத் தேவைப்படுபவை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், ஒரு பிக்சல் 30 மீட்டர் கொண்ட நில உயரத் தரவு (ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் அல்லது இஸ்ரோவின் புவன் தளத்தில் உள்ள கார்ட்டோசாட்), ஒரு பிக்சல் 10 மீட்டர் கொண்ட சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள். எல்லாமே இலவசம். எல்லாவற்றையும் மீட்டரில் அளக்கும் வரைபட முறையான யூடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிவிடுங்கள். டிகிரியிலேயே விட்டால் சரிவுக் கணக்கு தாறுமாறாகும்.

வடிநிலத்தின், அதாவது நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் வடிந்து வரும் பரப்பின், எல்லை வரையும்போது திருவள்ளூர் மாவட்டத்தோடு வெட்டாதீர்கள். பூண்டிக்குத் தண்ணீர் தரும் கொசஸ்தலையாற்றில் சேரும் நகரியாறு ஆந்திரக் குன்றுகளிலிருந்து வருகிறது. செங்குத்துச் சரிவுகள் அங்கேதான். கண்டலேறு கால்வாயை ஓடைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது கொண்டுவருவது கிருஷ்ணா தண்ணீர். எவ்வளவு பரப்பின் தண்ணீர் சேர்ந்தால் ஓடை தொடங்குவதாகக் கொள்வது என்ற வரம்பை 1,000 பிக்சல், அதாவது 90 ஹெக்டேர் என்று வைத்து, 500 முதல் 1,000 ஹெக்டேர் வரையான சிறு வடிநிலங்களாகப் பிரியுங்கள்.

நம் பக்கத்தில் காலை வாருவது ஏரிகள்தான். உயரத் தரவில் உள்ள பொய்ப் பள்ளங்களை நிரப்பும் மென்பொருள் கட்டளை, ஏரியையும் தரவுப் பிழையாக எடுத்துக்கொண்டு நிரப்பிவிடும். தண்ணீர் கரையைத் தாண்டி எங்கோ ஓடுவதாகக் காட்டும். நிரப்புவதற்கு முன்பே ஏரிக்கரையைக் கோடாக வரைந்து அந்தப் பிக்சல்களை 5 மீட்டர் உயர்த்துங்கள், கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டி விடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் வரும் ஓடைப்படத்தை நம்பி ஒரு தடுப்பணைகூடக் கட்ட முடியாது.

அடுத்து மண் இழப்பு: மழை, மண், சரிவு, பயிர்மூட்டம், பாதுகாப்பு வேலை ஆகிய ஐந்து காரணிகளின் பெருக்கல். பயிர்மூட்டத்துக்கு ஜனவரிப் படம் எடுத்தால் சம்பா பச்சையாக நிற்கும், அரிப்பே இல்லை என்று தோன்றும். வடகிழக்குப் பருவமழையின் முதல் அடி உழுத வெற்று நிலத்தில்தான் விழுகிறது. ஆகவே ஆகஸ்ட், செப்டம்பர் படங்களின் இடைநிலை மதிப்பே சரி. அக்டோபரில் மேகம் மறைக்கும். சரிவு நீளத்தை 120 மீட்டருக்குமேல் விடாதீர்கள். தைலமரத் தோப்பின் விளிம்பு மண் இழப்புப் படத்தில் மலைச்சரிவுபோலச் சிவப்பாகத் தெரியும், ஏனென்றால் உயரத் தரவு மர உச்சியைத்தான் அளக்கிறது. அந்த விளிம்புகளைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு நீக்குங்கள். வரும் டன் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், எந்த வடிநிலத்துக்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்த மட்டும் பயன்படுத்துங்கள்.

வேலை மேட்டிலிருந்து கீழே இறங்க வேண்டும். 600 மில்லிமீட்டருக்குமேல் மழை பெறும் பகுதி என்பதால் சமமட்ட வரப்பு வேண்டாம், தண்ணீர் தேங்கி உடைக்கும், 0.2 முதல் 0.4 சதவீதம் வாட்டம் கொடுத்த வரப்பே பொருந்தும். சிற்றோடையில் கல் தடுப்பு போட்டால், கீழ்த்தடுப்பின் தலை மேல்தடுப்பின் அடிமட்டத்துக்கு வர வேண்டும்: 5 சதவீதச் சரிவில் 1 மீட்டர் தடுப்புகளுக்கு இடைவெளி 20 மீட்டர். இரு கரைக்குள்ளும் அரை மீட்டராவது கல்லைப் புதைத்து, நடுவைத் தாழ்வாக விடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் ஓரத்தை அரித்துச் சுற்றிக்கொண்டு போய்விடும்.