மேனேஜர் அடிக்கும் ஜோக்கும் வேறு சில தவறுகளும்

பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீட் ஆன முதல் வருஷம் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய்த்த முதல் மேனேஜர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படிக்கட்டைத் தேடுவார்கள். அவரை மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தலைமைப் பாடம். அதனால் தோளில் கை போட்டேன், கலாய்த்தேன், மனதில் பட்டதையெல்லாம் கொட்டினேன். ஒன்றரை வருஷத்தில் எட்டுப் பேரில் மூன்று பேர் பேப்பர் போட்டு வேலையை விட்டார்கள். மூன்று பேருமே, "நீங்க ரொம்ப நல்லவர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அன்பு வேண்டும், சிரிப்பு வேண்டும், வேஷம் போடாமல் இருக்கவும் வேண்டும். அதிலெல்லாம் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கே இடறுகிறது என்றால், நாற்காலி மாறிய பிறகும் பக்கத்து சீட்டுக்காரன் மாதிரியே பேசிக்கொண்டிருப்போம். கேட்கிறவர் காதிலோ அது அப்ரைசல் போடப்போகிறவரின் பேச்சாக விழும். சொல் அதேதான், எடை வேறு. இங்கே சொல்லப்போவதில் பெரும்பாலானவை நானே செய்தவை.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். நம்மவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும். பார்த்த மறுநாளே தம்பி, தங்கச்சி ஆக்கிவிடுவோம். பி.ஜி. விடுதியில் தங்கி, வாரம் முழுக்க அந்த மெஸ் சாம்பாரைச் சாப்பிடும் பையனுக்கு அது இதமாகவும் இருக்கும். ஆனால் நம் வீடுகளில் குடும்பம் என்றால் பெரியவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. கணக்குப் பார்க்கக் கூடாது, முடியாது என்று சொல்லக் கூடாது. மேனேஜர் வாயிலிருந்து குடும்பம் என்ற வார்த்தை வரும்போது இதெல்லாமும் கூடவே வருகிறது.

சேலத்துப் பையன் ஒருவன் என் டீமில் இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு சாஃப்ட்வேர் ரிலீஸில் ஒரு சிக்கல். ஒன்பதரைக்கு மடிவாளாவில் அவனுக்குப் பஸ். "தம்பி, நம்ம வீட்டு வேலை மாதிரி நினைச்சு முடிச்சுக் குடுத்துட்டுப் போப்பா" என்றேன். "சரிண்ணா" என்றான். பெல்லந்தூரிலிருந்து சில்க் போர்டு சந்திப்பின் டிராஃபிக்கைத் தாண்டுவதற்குள் எத்தனை முறை மணி பார்த்திருப்பான் என்று இப்போது யோசித்தால் எனக்கே வயிற்றைப் பிசைகிறது. பஸ்ஸைப் பிடித்துவிட்டான். ஓசூர் தாண்டி, மடியில் லேப்டாப்பும் போன் ஹாட்ஸ்பாட்டுமாக, சிக்னல் வந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக முடித்து, பதினொன்றே முக்காலுக்கு "முடிஞ்சுதுண்ணா" என்று மெசேஜ் போட்டான். நான் ஒரு கைதட்டலும் ஒரு ஹார்ட்டும் அனுப்பிவிட்டுத் தூங்கினேன். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் பெருமையாக வேறு சொன்னேன். அந்தச் சனிக்கிழமை காலையில் அவன் அக்காவுக்கு நிச்சயதார்த்தம் இருந்தது என்பதும், கூட வந்த சித்தப்பா கிருஷ்ணகிரி வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தார் என்பதும் ஐந்து மாதம் கழித்து, அவனுடைய கடைசி நாளன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏன்டா அப்பவே சொல்லலை?"

"வீட்டு வேலைன்னு சொன்னீங்களேண்ணா."

அன்று நான் கேட்டிருக்க வேண்டியது, "இன்னிக்கு ராத்திரி யாருக்கு ஊருக்குப் போகணும், யார் உட்கார முடியும்?" என்ற ஒரே கேள்விதான். அக்கறை என்பது பெரும்பாலும் இப்படி வறண்ட, சின்ன வேலைகளில்தான் இருக்கிறது. ஜனவரி ரிலீஸ் தேதி போடும்போது காலண்டரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை. கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒரே நாள். மீதி இரண்டு நாளைக்கு உங்கள் தமிழ்ப் பையன்கள் லீவு கேட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கும். அதே காலண்டரில் உகாதி, ஓணம், சட் பூஜை எல்லாமே யாரோ ஒருவருக்கு அப்படித்தான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஜோக்குக்கு வருவோம்.

மேனேஜர் ஆனதும் நம் நகைச்சுவை உணர்வு திடீரென்று வளர்ந்துவிடும். சொன்னதற்கெல்லாம் சிரிப்பார்கள். இது ஏன் என்று புரிய ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் வேலை எனக்கு உதவியது. கடைவீதியிலும் கல்லூரி வளாகத்திலும் ஜனங்கள் பேசிச் சிரிப்பதை ஒட்டுக்கேட்டு, 1,200 சிரிப்புகளைக் குறித்து வைத்து, 1993-ல் முடிவை வெளியிட்டார். சிரிப்புக்கு முன்னால் பேசப்பட்டதில் ஜோக் என்று சொல்லத்தக்கது 10 முதல் 20 சதவீதம்தான். மற்றதெல்லாம் "அப்ப நான் கிளம்பட்டுமா" ரகப் பேச்சு. அதாவது, மனிதர்கள் பெரும்பாலும் ஜோக்குக்காகச் சிரிப்பதில்லை. கூட இருப்பவரோடு ஒட்டிக்கொள்ளச் சிரிக்கிறார்கள். அந்தக் கூட இருப்பவர் அவர்களுக்கு ஹைக், அதாவது சம்பள உயர்வு, போடுகிறவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். அது சிரிப்பு வடிவத்தில் வரும் "சரிங்க சார்". உங்கள் ஜோக் உண்மையில் எப்படி இருந்தது என்று நீங்கள் இல்லாத வாட்ஸ்அப் குரூப்பில்தான் பேசுவார்கள். (அப்படி ஒரு குரூப் இருக்கிறது. உங்கள் டீமிலும் இருக்கிறது.)

கலாய்ப்பதில்தான் சேதாரம் அதிகம். நண்பர்களுக்குள் கலாய்ப்பது பிங்பாங் மாதிரி, பந்து திரும்பி வரும். மேனேஜர் கலாய்த்தால் பந்து திரும்பி வராது. எங்கள் டீமில் ஒருவர் தவறுதலாக டெஸ்ட் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பெரிய நஷ்டமில்லை, மத்தியானத்துக்குள் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். ஆனால் நான் அவருக்கு ‘டெலீட் ஸ்டார்’ என்று பேர் வைத்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். தினமும் காலையில் நடக்கும் சின்ன டீம் மீட்டிங்கான ஸ்டாண்டப்பில் அவர் முறை வரும்போதெல்லாம் யாராவது அந்தப் பேரைச் சொல்வார்கள். இரண்டு மாதம் கழித்து கஸ்டமர் பயன்படுத்தும் புரொடக்ஷனில் ஒரு தப்பான கான்ஃபிக் (செட்டிங்) போய்விட்டது. அவர் அதை நான்கு மணிக்கே பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, தானே சரிசெய்துவிடலாம் என்று ராத்திரி ஒரு மணி வரை முட்டி மோதியிருக்கிறார். காலையில் கஸ்டமர் எங்களுக்குச் சொன்னார்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் மருத்துவமனைகளில் கண்டதை நான் அப்போதுதான் தேடிப் படித்தேன். நன்றாக நடத்தப்படும் செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதில்லை. பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். 1996-ல் வந்த ஆய்வு அது. இப்போதெல்லாம் உளவியல் பாதுகாப்பு என்று எல்லாக் கம்பெனி ஸ்லைடிலும் வருகிறதே, அந்தச் சொல்லைப் பரவலாக்கியவரும் அவர்தான். நான் வைத்த பட்டப்பேருக்கு என் டீம் கொடுத்த விலை, நான்கு மணிக்கு வராத அந்த ஒரு போன் கால்.

அப்படியானால் எதை வைத்துச் சிரிப்பது? சில்க் போர்டு இருக்கிறது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வீட்டு ஓனர்கள் இருக்கிறார்கள். மழை பெய்தால் படகு தேட வேண்டிய அவுட்டர் ரிங் ரோடு இருக்கிறது. இவற்றின் முன்னால் மேனேஜரும் ஃப்ரெஷரும் சமம். உங்களை வைத்தே ஜோக் அடிக்கலாம், அதிலும் அளவு உண்டு. "எனக்குக் கோடே மறந்துபோச்சு" என்று வாரம் மூன்று தரம் சொன்னால் ஒரு கட்டத்தில் நம்பிவிடுவார்கள்.

இன்னொரு இடத்தில் ‘சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்’ என்பது உதவவே உதவாது. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தொடுவதை மட்டும் சொல்லவில்லை. பாலியல் தொனியுள்ள பேச்சையும் சேர்த்தே சொல்கிறது. அந்தப் பெண் அதை விரும்பினாரா இல்லையா என்பதுதான் அதில் அடிப்படை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். சட்டத்துக்கு வெளியே இருப்பவையும் சில உண்டு. ஏழு வருஷ அனுபவமுள்ள எஞ்சினியரை மீட்டிங்கில் "சொல்லும்மா" என்பது, "எப்பம்மா கல்யாணச் சாப்பாடு?" என்பது. பாசத்தில்தான் சொல்கிறோம். பக்கத்தில் இருக்கும் ஆணை அவர் பேரைச் சொல்லித்தானே கூப்பிடுகிறோம்?

மூன்றாவது, ‘நான் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவன் இல்லை’. இந்த வாக்கியத்தைச் சொல்பவர்களில் பாதிப் பேர் அடுத்து யாரையோ காயப்படுத்தப் போகிறார்கள் என்பது என் அனுபவம். மீதிப் பாதிப் பேர் என்னைப் போல, தங்கள் கவலையை டீம் தலையில் இறக்கிவைப்பவர்கள். மேலிடத்தில் ஆள் குறைப்புப் பற்றி ஏதோ காதில் விழுந்தது. உறுதியாக எதுவும் தெரியாது. ஒளிக்கக் கூடாதே என்று தனியாக உட்கார்ந்து பேசும் ஒன்-ஆன்-ஒன்னில் இரண்டு பேரிடம், "எனக்கே பயமாத்தான் இருக்கு" என்று மனம் திறந்தேன். அன்று ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அவர்களுக்கு வரவில்லை; அடுத்த வாரமே இருவரும் வேலை தேடும் தளமான நௌக்ரியில் ரெஸ்யூமேவைப் புதுப்பித்துவிட்டார்கள். ஆள் குறைப்பும் நடக்கவில்லை. உண்மையாக இருப்பது என்றால் இருப்பதையெல்லாம் கொட்டுவது என்று நினைத்திருந்தேன். "அந்த எஸ்டிமேட் நான் போட்டது, என் தப்பு, ரெண்டு நாள் கூடுதலா வாங்கித் தரேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்வதும் உண்மைதான். அது அவர்களுக்குப் பயன்படும். என் தூக்கமின்மையை வீட்டில் சொல்லலாம், என் வயது நண்பனிடம் சொல்லலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு, முகத்தாட்சண்யம். வருஷம் முழுக்க "சூப்பர், சூப்பர்" என்று சொல்லிவிட்டு ஏப்ரலில் ரேட்டிங் சொல்லும்போது கையை விரிப்பது. "ஆறு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் மனம் நோகக் கூடாது என்று நான் நினைத்ததாகச் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அந்தப் பத்து நிமிஷ சங்கடத்தைத் தவிர்த்தது எனக்காகத்தான்.

கட்டாயக் கும்மாளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு டீமைக் கேபில் ஏற்றி, 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நந்தி மலைக்குச் சூரிய உதயம் பார்க்கக் கூட்டிப்போனேன். மேகமாக இருந்தது. போட்டோவில் சிரித்துக்கொண்டிருப்பது நான் ஒருவன்தான்.

கடைசியாக, பெங்களூரில் இருக்கும் நமக்கென்றே ஒரு தவறு. மூன்று தமிழர் ஒரு டேபிளில் சேர்ந்தால் தமிழ் தானாக வந்துவிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊரை விட்டு வந்திருக்கிறோம். ஆனால் அந்த டேபிளில் நான்காவதாக ஒருவர் இருந்து, மூவரில் ஒருவர் மேனேஜராகவும் இருந்துவிட்டால் விஷயம் வேறு. என் நகைச்சுவையில் முக்கால்வாசி வடிவேலு. வடிவேலுவை இங்கிலீஷில் சொல்ல முடியாது. அதனால் ஸ்டாண்டப் நடுவே இங்கிலீஷிலிருந்து சட்டென்று தமிழுக்குத் தாவி ஒரு வசனத்தைப் போடுவேன். தமிழர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டீம் ஒற்றுமையாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் டெஸ்டர் ஒருவர் ஹூப்ளிக்காரர். அதிகம் பேச மாட்டார். தினமும் மத்தியானம் என்னைப் பார்த்ததும் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்பார், சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். நானும் "ஆய்த்து" என்பேன். என் கன்னடம் அத்தோடு சரி. ஒரு நாள் கீழே இருக்கும் தர்ஷினியில், அதாவது நின்றபடியே சாப்பிடும் சின்ன ஹோட்டலில், அவரோடு பை-டூ காபி வாங்கினேன். ஒரு காபியை இரண்டு சின்ன டம்ளரில் பிரித்துக் கொடுப்பார்கள், இந்த ஊர் வழக்கம். காலையில் ஸ்டாண்டப்பில் நான் அடித்த வசனத்துக்கு அவர் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தது ஞாபகம் வந்தது. தமிழ் படம் பார்ப்பீர்களா என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"இல்லையே."

"அப்ப காலைல சொன்னது எப்படிப் புரிஞ்சுது?"

அவர் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார். "புரியலை. எல்லாரும் சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன்."

அவர் டீமில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.