சிசிஎன்ஏ தேர்வுக்குப் படிக்க எதை வாங்குவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏவுக்கு எழுத வேண்டிய 200-301 தேர்வின் கட்டணம் 300 அமெரிக்க டாலர், வரி தனி. நேரம் 120 நிமிடம். இவ்வளவு பணம் கட்டுகிறவர்கள்கூட எதை வைத்துப் படிப்பது என்பதை யாரோ அனுப்பிய ஒரு கூகுள் டிரைவ் லிங்கிடம் விட்டுவிடுகிறார்கள். அந்த ஃபோல்டரில் எல்லாம் இருக்கும். எது இந்தத் தேர்வுக்கானது, எது பத்து வருடம் பழையது என்பது மட்டும் தெரியாது.

முதல் தவறு, சிஸ்கோவின் பாடத்திட்டத்தைப் பார்க்காமலே புத்தகம் தேடக் கிளம்புவது. சில பக்கங்களே உள்ள அந்த பிடிஎஃப் சிஸ்கோவின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஆறு பகுதிகள்: நெட்வொர்க் அடிப்படைகள் 20 சதவீதம், நெட்வொர்க் ஆக்சஸ் 20, ஐபி கனெக்டிவிட்டி (ரூட்டிங், அதாவது தரவுக்கு வழி காட்டுவது) 25, ஐபி சர்வீசஸ் 10, பாதுகாப்பு அடிப்படைகள் 15, ஆட்டோமேஷன் 10. நெட்வொர்க் வேலையை ஏழு படிகளாகப் பிரித்து விளக்கும் ஓஎஸ்ஐ அடுக்குகளுக்கே இருபது வீடியோ ஒதுக்கிவிட்டு ரூட்டிங்கை நாலு வீடியோவில் முடிக்கும் கோர்ஸ் எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டிருந்தாலும் இந்தத் தேர்வுக்குப் பொருந்தாது.

சதவீதத்தைவிட முக்கியம், ஒவ்வொரு வரியும் தொடங்கும் வினைச்சொல். 'டிஸ்கிரைப்', 'எக்ஸ்ப்ளெயின்' என்று தொடங்கினால் புரிந்துகொண்டால் போதும். 'கான்ஃபிகர் அண்ட் வெரிஃபை' என்று தொடங்கினால் கட்டளை அடித்துச் செய்யத் தெரிய வேண்டும், செய்தது சரியா என்று சரிபார்க்கவும் தெரிய வேண்டும். ஒரு ரூட்டர் செயலிழந்தால் இன்னொன்றைப் பொறுப்பேற்க வைக்கும் எச்எஸ்ஆர்பி போன்ற ஃபர்ஸ்ட் ஹாப் ரிடண்டன்சி நெறிமுறைகளுக்குப் பாடத்திட்டம் கேட்பது நோக்கம், செயல்பாடு, கருத்து மட்டும்தான். பழைய பயிற்சி நூல்களில் இதற்கு நீண்ட கட்டளைப் பயிற்சிகள் இருக்கும், தாண்டிப் போகலாம். ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப்வி2 (ரூட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிரும் நெறிமுறை), ஐபிவி4 மற்றும் ஐபிவி6 ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் வழி), எல்ஏசிபி ஈதர்சேனல் (பல கேபிள்களை ஒரே இணைப்பாக்குவது), ஆக்சஸ் லிஸ்ட் (எதை அனுமதிப்பது என்ற பட்டியல்), நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது), டிஎச்சிபி ஸ்னூப்பிங் (போலி முகவரி வழங்கிகளைத் தடுப்பது) ஆகியவை அப்படியல்ல. தேர்வில் லேப் கேள்விகளும் வருவதால் இவற்றைப் படித்து மட்டும் ஒப்பேற்ற முடியாது.

'வெரிஃபை' என்ற பாதியைப் பெரும்பாலான வீடியோக்கள் விட்டுவிடுகின்றன. ஆசிரியர் கட்டளை அடிப்பார், பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகும், வீடியோ முடியும். தேர்விலோ ஓடாத நெட்வொர்க்கும் காட்டப்படலாம். ஓஎஸ்பிஎஃப் அண்டை ரூட்டர் எக்ஸ்ஸ்டார்ட் எனும் தகவல் பரிமாற்றத் தொடக்க நிலையிலேயே நின்றால் முதலில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். அண்டை ரூட்டரே தெரியவில்லை என்றால் ஹலோ, டெட் நேரங்கள், ஏரியா எண், சப்நெட் மாஸ்க் ஆகியவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஈதர்சேனலின் இரு முனையும் பாசிவ் (தானாகத் தொடங்காமல் காத்திருக்கும் நிலை) என்றால் இணைப்பு உருவாகவே உருவாகாது. நாட் விதியெல்லாம் சரியாக இருந்தும், இன்டர்ஃபேஸில் இது உள்பக்கம் என்று குறிக்கும் 'ஐபி நாட் இன்சைட்' வரியை விட்டிருப்பார்கள். வாங்கப்போகும் கோர்ஸின் மாதிரிப் பாடத்தைத் திறந்து, இப்படி உடைத்து வைத்துச் சரிசெய்யச் சொல்லும் லேப் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிப்பைப் பார்க்காமல் வாங்குவது

200-301 தேர்வு 2020 பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது 200-125. புத்தகத்தின் பொருளடக்கத்தில் ரிப், இஐஜிஆர்பி, பிபிபி என்று இப்போதைய பாடத்திட்டத்தில் இல்லாத நெறிமுறைகளுக்குத் தனித்தனி அத்தியாயம் இருந்தால் அது அந்தக் காலத்துச் சரக்கு. பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். வைஃபை சாதனங்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வயர்லெஸ் கன்ட்ரோலரும் ஆட்டோமேஷனும் அதில் போதிய அளவு இருக்காது. வேண்டாத பாடங்களுக்கு வாரக்கணக்கில் நேரம் போகும்.

2024 ஆகஸ்ட் 20 முதல் 1.1 பதிப்பு நடைமுறையில் உள்ளது. இங்கே எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. 1.0 பதிப்புக்கு வாங்கிய நல்ல புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எல்லாவற்றையும் வாங்குகிறார்கள். தேவையில்லை. மாற்றங்கள் குறைவு: ஸ்பேனிங் ட்ரீயில் (ஸ்விட்சுகளுக்குள் தரவு சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் நெறிமுறை) ரூட் கார்டு, லூப் கார்டு, பிபிடியூ கார்டு, பிபிடியூ ஃபில்டர், ஆட்டோமேஷனில் பப்பட், ஷெஃப் ஆகிய கருவிகள் போய் டெர்ராஃபார்ம், நெட்வொர்க் பராமரிப்பில் செயற்கை நுண்ணறிவும் மெஷின் லேர்னிங்கும், கிளவுட் வழி மேலாண்மை. இன்னும் சில சின்ன மாற்றங்களும் உண்டு. 1.0, 1.1 பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்து, விட்டுப்போனவற்றை மட்டும் சிஸ்கோவின் ஆவணங்களிலிருந்தோ இலவச வீடியோக்களிலிருந்தோ படித்துக்கொள்ளலாம்.

லேபுக்கு இரும்பு வாங்குவது

சென்னை ரிச்சி தெருவில் சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் ஸ்விட்சும் 1841 ரூட்டரும் தேடுவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் விசிறிச் சத்தம், மின்செலவு, கன்சோல் கேபிள், பழைய ஐஓஎஸ் (சிஸ்கோ சாதனங்களின் இயங்குதளம்) என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். வயர்லெஸ் கன்ட்ரோலரின் இணையத் திரையில் டபிள்யூபிஏ2 பிஎஸ்கே (கடவுச்சொல் வழிப் பாதுகாப்பு) வைத்து டபிள்யூலேன் (வயர்லெஸ் நெட்வொர்க்) அமைப்பது பாடத்திட்டத்தில் உண்டு. அந்த இரண்டு பெட்டிகளை வைத்து அதைப் பழக முடியாது. சீரியல் கேபிள் சேர்த்து விற்கிறார்கள் என்று மகிழ வேண்டாம், அந்தப் பாடமே தேர்விலிருந்து போய்விட்டது.

சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் பாக்கெட் ட்ரேசர் இலவசம். சிசிஎன்ஏவுக்குத் தேவையானதில் பெரும்பகுதியை அதிலேயே செய்துவிடலாம். அது உண்மையான ஐஓஎஸ் அல்ல, அதைப் போல நடிக்கும் மென்பொருள். அதனால் சில கட்டளைகளை ஏற்காது. அப்போது நாம்தான் தப்பாக அடித்தோம் என்று மணிக்கணக்கில் தேட வேண்டாம். நிஜமான ஐஓஎஸ் தேவைப்பட்டால் சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்பு இருக்கிறது. அதில் ஐந்து சாதனங்கள் வரை ஓட்டலாம். இன்னொரு லேப் மென்பொருளான ஜிஎன்எஸ்3 நல்ல கருவிதான். ஆனால் ஐஓஎஸ் கோப்பை நாமே கொண்டுவர வேண்டும், முறையான உரிமம் இல்லாமல் அது கிடைக்காது.

டம்ப் எனும் பொறி

'100 சதவீதம் தேர்ச்சி உத்தரவாதம்', 'நேற்று தேர்வில் வந்த கேள்விகள்' என்று விற்கப்படுபவை டம்ப். இது தேர்வு ஒப்பந்தத்தை மீறுவது. பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், இனி எழுதவே முடியாமலும் போகலாம். கட்டணத்தோடு டம்பும் தருவதாகச் சொல்லும் பயிற்சி மையங்களில் லேப் நேரம் எத்தனை மணி என்று கேட்டுப் பாருங்கள். பதில் இழுபறியாகத்தான் வரும்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. டம்புகளில் விடைகளே பல இடங்களில் தப்பு. ரூட்டிங் டேபிளில் 10.1.1.0/24 ஓஎஸ்பிஎஃப் வழியாகவும், 10.1.0.0/16 ஸ்டாட்டிக் ரூட்டாகவும் இருக்கின்றன, 10.1.1.25க்குப் போகும் பாக்கெட் எதை எடுக்கும்? அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (வழியின் நம்பகத்தன்மை எண், குறைவானதற்கே முன்னுரிமை) ஸ்டாட்டிக்குக்கு 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110 என்று பார்த்து ஸ்டாட்டிக் என்று குறித்தால் தவறு. நீளமான ப்ரிஃபிக்ஸ்தான் (/ குறிக்குப் பின் பெரிய எண் உள்ள, முகவரியோடு பொருந்தும் நெட்வொர்க்) முதலில் பார்க்கப்படும், எனவே /24. ஒரே ப்ரிஃபிக்ஸ் இரண்டு வழியில் வரும்போதுதான் டிஸ்டன்ஸ் பேச்சே எழுகிறது. 'விடை: பி' என்று மட்டும் போட்டிருக்கும் தொகுப்பில் இதைக் கற்க வழியில்லை. மாதிரித் தேர்வு வாங்கும்போது, சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் விளக்குகிறதா என்று பாருங்கள். விளக்கம் இல்லாத ஆயிரம் கேள்வியைவிட விளக்கத்தோடு இருநூறு கேள்வி போதும்.

உண்மைத் தேர்வில் விடை கொடுத்துத் தாண்டிய கேள்விக்குத் திரும்ப முடியாது. பின்னால் போகவிடும் மாதிரித் தேர்வில் மட்டும் பழகினால் 'அப்புறம் பார்க்கலாம்' என்ற பழக்கம் ஒட்டிக்கொள்ளும்; அந்த வசதியை அணைத்துவிட்டு எழுதுங்கள். ஒரே கேள்வித் தொகுப்பை மூன்றாவது முறை எழுதி வாங்கும் 95 சதவீதம் நினைவாற்றலுக்குக் கிடைத்தது. இரண்டு தொகுப்பு வைத்திருந்தால் ஒன்றைக் கடைசி இரண்டு வாரம் வரை தொடாமல் வையுங்கள். 'இத்தனை எடுத்தால் பாஸ்' என்று எண் சொல்லும் எதையும் நம்ப வேண்டாம். சிஸ்கோ தேர்ச்சி மதிப்பெண்ணை வெளியிடுவதில்லை.

தமிழ் வீடியோக்களைப் பொறுத்தவரை, கருத்து பிடிபட அவை நன்றாக உதவுகின்றன. ஆனால் தேர்வு ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும்தான் நடக்கிறது. தமிழில் கேட்ட பாடத்தின் குறிப்பை ஆங்கிலச் சொற்களோடு எழுதி வைப்பதும், மாதிரித் தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதுவதும் அவசியம். ஒரு விடையா இரண்டு விடையா என்று கேள்வி கேட்பதைக் கவனிக்காமல் போவது பாட அறிவுக் குறைவால் அல்ல, வாசிப்புப் பழக்கம் இல்லாததால்.

எண்ணிக்கையில் ஒரு புத்தகம் அல்லது ஒரு முழு வீடியோ கோர்ஸ், ஒரு லேப் மென்பொருள், ஒரு மாதிரித் தேர்வு, நினைவுக்கு ஆன்கி போன்ற இலவச அட்டைச் செயலி. அவ்வளவே போதும். சப்நெட்டிங்குக்கு (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது) ஐந்து பேரிடம் ஐந்து குறுக்குவழி கற்பவர்கள் 172.16.45.14/30 எந்த நெட்வொர்க் என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். ஒரே முறையில் பழகியவர் 172.16.45.12 என்று உடனே சொல்லிவிடுகிறார்.

முதல் முறை தவறிவிட்டால் மறுமுறை எழுத ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் புதிய கோர்ஸ் தேடுவதுதான் பலரும் செய்வது. முதலில் மதிப்பெண் அறிக்கையை எடுங்கள். ஆறு பகுதிக்கும் தனித்தனியே சதவீதம் இருக்கும். ஐபி கனெக்டிவிட்டி குறைவாக இருந்தால் கையில் இருக்கும் புத்தகத்தின் ரூட்டிங் லேப்களை, விடையைப் பார்க்காமல் மறுபடி செய்யுங்கள். அங்கே விளக்கம் போதவில்லை என்றால் மட்டும், அந்த ஒரு பகுதிக்கு மட்டும், வேறொன்றைத் தேடலாம்.