மோதிய பிறகு வெள்ளைப் பந்து எங்கே போகும்?

பூல், ஸ்னூக்கர் போன்ற மேசைப் பந்தாட்டங்களைப் பழகத் தொடங்குபவர்களின் கண் முழுக்கக் குழியில் விழவேண்டிய பந்தின் மேல்தான் இருக்கும். அடுத்த அடியைத் தீர்மானிப்பதோ, கியூ என்ற கோலால் நாம் அடிக்கும் வெள்ளைப் பந்து. அதன் போக்கைத் தெரிந்துகொள்ள ஒரு மேசையும் இரண்டு பந்துகளும் போதும்.

படி 1: நேர் மோதல்

வெள்ளைக்கு ஓரடி முன்னால் இன்னொரு பந்தை வையுங்கள். வெள்ளையின் நடுவுக்குச் சற்றுக் கீழே, கியூவால் சுள்ளென்று ஓர் அடி. உருளாமல் வழுக்கிக்கொண்டே போய் நேராக மோதினால் வெள்ளை அங்கேயே நின்றுவிடும். மற்றது ஏறக்குறைய அதே வேகத்தில் கிளம்பும். இரண்டும் ஒரே எடை என்பதால் உந்தம் அப்படியே கைமாறுகிறது. (சில மேசைகளில் வெள்ளை மட்டும் எடை கூடுதலாக இருக்கும். அங்கே அது நிற்காமல் கொஞ்சம் முன்னே தள்ளும். உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள்.)

அப்புறம் இடைவெளியைக் கூட்டி, மெதுவாக அடியுங்கள். இப்போது வெள்ளை உருண்டு வந்து மோதும், ஒரு கணம் தயங்கும், பிறகு தானாகவே முன்னே நகரும். மோதல் வேகத்தைத்தான் பிடுங்கிக்கொண்டது. சுழற்சி வெள்ளையிடமே இருக்கிறது. அந்தச் சுழற்சி துணியைப் பற்றி அதை இழுக்கிறது. கணக்குப்படி, பழைய வேகத்தில் 2/7 பங்கு திரும்பக் கிடைக்கும்.

படி 2: பாதிப் பந்து

வெள்ளையின் மையத்தை மற்ற பந்தின் விளிம்புக்கு நேராகக் குறிவையுங்கள். அந்தப் பந்து 30 டிகிரி விலகிப் போகும். வெள்ளை வழுக்கி வந்திருந்தால் அதற்குச் செங்குத்தாகப் பிரியும். வேகம் பிரிவது அந்தப் பந்துக்குச் சுமார் 87 சதவீதம், வெள்ளைக்கு 50 சதவீதம் என்று. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டிப் பாருங்கள், பிதாகரஸ் தேற்றமே வந்து நிற்கும்.

படி 3: உருளும் வெள்ளை

ஆட்டத்தில் அதிகம் வருவது இதுதான். வெள்ளை செங்குத்துக் கோட்டில் கிளம்பி, உடனே முன்பக்கமாக வளைந்துவிடும். குறிவைக்கும்போது மற்ற பந்தில் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை வெள்ளை மறைக்கும்படி எங்கே தொட்டாலும், பழைய பாதையிலிருந்து அது விலகுவது ஏறக்குறைய 30 டிகிரிதான். வேகமாக அடித்தால் வளைவு தள்ளிப்போய்த் தொடங்கும், அவ்வளவே.

படி 4: உராய்வின் குறும்பு

மெதுவான வெட்டு அடிகளில் (அதாவது நேராக இல்லாமல் ஓரமாகத் தொடும் அடிகளில்) பந்துகளின் உராய்வு இலக்குப் பந்தை ஓரிரு டிகிரி முன்னோக்கித் தள்ளிவிடும். ஆகவே கண்ணுக்குச் சரியென்று படுவதைவிட ஒரு நூலளவு மெலிதாக, அதாவது இன்னும் ஓரமாகத் தொடுங்கள்.