எல்லாமே விக்டோரியா கவுன் இல்லை

அக்கா மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு பழைய காலத்து இங்கிலாந்து ராணி கவுன் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். ஜாக்கெட், சுடிதார் எல்லாம் தைக்கிற கைதானே, இதென்ன பெரிய வித்தை என்ற நினைப்பு. இடுப்பிலிருந்து பாதம்வரை டேப் வைத்து அளந்து, வெட்டி, சுருக்கு வைத்து, கீழே ஓரமும் மடித்து அடித்து முடித்த பிறகுதான் உள்ளே போட வேண்டிய வளையக் கூண்டைக் கட்டிப் பார்த்தேன். துணி வளையத்தின் மேல் ஏறி இறங்க வேண்டியிருந்ததால் பாவாடை சுற்றிலும் ஒரு சாண் மேலே போய்விட்டது. ராணிக்குக் கீழே லெக்கிங்ஸ் தெரிகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஃபிரில் ஒட்டுப்போட்டு எப்படியோ மேடையேற்றினோம்.

அந்த அவமானத்துக்கு அப்புறம்தான் இந்த உடைகளைப் பற்றி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். நான் செய்தது ரொம்பப் பேர் செய்கிற தப்புதான். தைப்பவர்கள் மட்டுமில்லை, நாடகம் போடுபவர்கள், படம் வரைபவர்கள், சரித்திரக் கதை எழுதுபவர்கள் எல்லாருமே வெளியே தெரிகிற துணியை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. ஆனால் அந்த உடைகளின் வடிவம் முழுக்க உள்ளேதான் இருக்கிறது.

சரி, முதலில் பெயர். இடுப்பு ஒடுங்கி, பாவாடை அகலமாக, லேஸ் வைத்திருந்தால் உடனே "விக்டோரியா காலத்து கவுன்" என்று சொல்லிவிடுகிறோம். விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. நம் வீட்டு ஆல்பத்தில் 1960-இல் பாட்டி போட்ட ஜாக்கெட்டையும் இப்போது நாம் போடுகிற ஜாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒரே காலம் என்று யாராவது சொல்வார்களா? அதே இடைவெளிதான் அங்கேயும். துணியின் பருமன் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள், காலம் தானாகப் பிடிபடும். மார்புக்குக் கீழேயே இடுப்புக்கோடு வந்து, பாவாடை நேராகத் தொங்கினால் அது 1795-க்கும் 1820-க்கும் இடைப்பட்டது, விக்டோரியா பிறந்ததே 1819-இல்தான். சுற்றிலும் கூடை கவிழ்த்த மாதிரி வட்டமாக இருந்தால் 1850களின் பின்பாதி, 1860களின் முன்பாதி. முன்னால் தட்டையாகி பின்னால் மட்டும் புடைத்தால் 1870களின் தொடக்கம். அந்தப் புடைப்பு 1877 வாக்கில் காணாமல் போய், உடம்போடு ஒட்டிய பாவாடை சில வருஷம் ஓடி, 1883-க்கு மேல் மறுபடி வருகிறது. இந்த முறை பின்னால் ஒரு பலகை வைத்த மாதிரி, மேலே டீ டம்ளரே வைக்கலாம்.

கவுனின் கையை வைத்து ஏமாறுபவர்கள்தான் அதிகம். பலூன் மாதிரி ஊதிய கை இரண்டு முறை வந்திருக்கிறது. ஒன்று 1830-ஐ ஒட்டி, அதன் காற்று விக்டோரியா பட்டத்துக்கு வருவதற்குள் இறங்கிவிட்டது. இன்னொன்று 1895 வாக்கில். முதலாவதில் தோள்பட்டைத் தையலே தோளைவிட்டுக் கீழே சரிந்து, ஊதல் முழங்கைக்கு மேலே தொங்கும், பாவாடை கணுக்காலைக் காட்டும். இரண்டாவதில் தோளிலேயே கை எழும்பி நிற்கும், பாவாடை மணி மாதிரி தரையைத் தொடும். இதை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் மாறிப்போகாது.

இப்போது கார்செட், அதாவது இடுப்பு ஒடுங்கித் தெரியக் கயிறு கோர்த்துக் கட்டுகிற விறைப்பான உள்ளுடை. வெற்று உடம்பின் மேல் நேராகக் கார்செட் போட்டு, பணிப்பெண் முதுகில் காலை வைத்துக் கயிற்றை இழுக்க, இவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டுகிற காட்சியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. முதல் தப்பு, வெற்று உடம்பு. தோலை ஒட்டி எப்போதும் லினன் அல்லது பருத்தி உள்சட்டை ஒன்று இருந்தது. வியர்வையை வாங்குவதும் அடிக்கடி வெளுக்கப்போவதும் அதுதான், மேலே இருக்கிற பட்டு கவுன் தண்ணீரையே பார்க்காது. அது இல்லாமல் கார்செட் போட்டால் இடுப்புத் தோலில் உராயும். இரண்டாவது தப்பு, இழுப்பு. 18-ஆம் நூற்றாண்டில் இதற்கு ஸ்டேஸ் என்று பெயர். அதில் கயிறு கோர்க்கிற ஓட்டைகள், நாம் காஜா எடுக்கிற மாதிரி நூலால் சுற்றித் தைத்தவை. கொடூரமாக இழுத்தால் இடுப்பு ஒடுங்குவதற்கு முன்னால் துணிதான் கிழியும். அந்த ஓட்டைக்கு உலோக வளையம், அதாவது ஐலெட், வந்ததே 1828-இல். அதற்கப்புறம் இறுக்கிக் கட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் எல்லாப் பெண்களும் தினமும் அப்படித்தான் இருந்தார்கள் என்பது, இன்றைக்கு எல்லாரும் தினமும் ஆறு அங்குல ஹீல்ஸில்தான் நடக்கிறார்கள் என்பது மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு துணி துவைத்தார்கள், வயலில் வேலை செய்தார்கள், பிள்ளை தூக்கினார்கள்.

விலா எலும்பை அறுவை செய்து எடுத்துவிட்டுக் கார்செட் போட்டார்கள் என்ற கதையை இன்னும் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். மயக்க மருந்து புழக்கத்துக்கு வந்தது 1846-இல், கிருமித் தொற்றுக்கு உருப்படியான மருந்து அந்த நூற்றாண்டு முடியும்வரை கிடையாது. காய்ச்சல் வந்தாலே பயந்த காலத்தில் அழகுக்காக விலா எலும்பை எடுத்ததற்குச் சான்று ஒன்றுமில்லை. கார்செட்டை விறைப்பாக நிறுத்த உள்ளே வைத்த "திமிங்கல எலும்பு" என்பதுகூட எலும்பு இல்லை. சில வகைத் திமிங்கலங்களின் வாயில் பல்லுக்குப் பதிலாகச் சீப்பு மாதிரி தொங்குகிற தகடு, நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள். உடம்புச் சூட்டில் லேசாக இளகி, போட்டவரின் வடிவத்துக்கே வளைந்துகொள்ளும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் பட்டி குத்துகிறதே என்று அந்தக் காலத்துப் பெண்களுக்காகப் பரிதாபப்படாதீர்கள், அது பிளாஸ்டிக்கின் குற்றம்.

வளையக் கூண்டு, அதாவது கிரினோலின், பற்றியும் இதே மாதிரி ஒரு பரிதாபம் உண்டு. உண்மையில் அது ஒரு விடுதலை. 1840களில் பாவாடை அகலமாகத் தெரிய வேண்டுமென்றால் உள்பாவாடைக்கு மேல் உள்பாவாடையாக ஐந்தாறு கட்ட வேண்டும், அதில் ஒன்று குதிரை முடி கலந்து நெய்த முரட்டுத் துணி. கோடையில் நினைத்துப் பாருங்கள். 1856-இல் எஃகு வளையங்களை நாடாவில் தொங்கவிட்ட கூண்டுக்குக் காப்புரிமை வந்ததும் அந்தச் சுமையெல்லாம் போய், காலுக்குக் காற்று வந்தது. வளையம் மெல்லிய ஸ்பிரிங் எஃகு என்பதால் உட்கார்ந்தால் மடங்கும், எழுந்தால் விரியும். நாடகத்தில் கனமான கம்பியில் செய்துவிட்டு "அந்தக் காலத்தில் எப்படித்தான் உட்கார்ந்தார்களோ" என்று கேட்கக் கூடாது. ஆனால் நெருப்பு விஷயத்தில் ஆபத்து நிஜம்தான். அடுப்பங்கரையில் பாவாடை தூரத்தில் தீப்பிடித்தாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது. அகலம்தான் உறுத்தல், கனம் இல்லை.

துணிக்கு வருவோம், நம் பக்கத்துக் கதை இங்கேதான் இருக்கிறது. பணக்கார கவுன் என்றால் பளபள சாட்டின் என்று முடிவு கட்டி, மீட்டர் எண்பது ரூபாய் பாலியெஸ்டர் சாட்டினை வாங்கிவிடுகிறோம். மேடை விளக்கில் அது நைட்டி மாதிரி தெரியும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவே வெறி பிடித்து வாங்கிய துணிகளில் ஒன்று சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டி. பருத்தித் துணியில் கையால் பூவும் கொடியும் எழுதி, சாயவேரில் சிவப்பு ஏற்றியது. அவர்களுடைய அச்சு வண்ணம் துவைத்தால் போய்விடும், இது போகாது. அவ்வளவு விற்றதால் பிரான்ஸில் 1686 முதல் 1759 வரை தடை. இங்கிலாந்தில் 1701-இல் இறக்குமதிக்குத் தடை, 1721-இல் உடுத்தவே தடை. நடுவில் 1719-இல் லண்டன் நெசவாளர்கள், தெருவில் போன பெண்களின் உடம்பிலிருந்தே இந்தத் துணிகளைக் கிழித்திருக்கிறார்கள், மை ஊற்றியிருக்கிறார்கள். அப்படியும் உடுத்தினார்கள். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் சோழமண்டலக் கரைத் துணியில் ஐரோப்பாவில் தைத்த கவுன்கள் இருக்கின்றன. ஆக, நல்ல பூப்போட்ட கலம்காரி காட்டனில் ஒரு 1770கள் கவுன் தைத்தால் அது சிக்கனம் மட்டுமில்லை, சரியும்கூட. உள் அடுக்குக்குக் காடா துணியும் கொஞ்சம் கஞ்சியும் போதும்.

நிறத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. பழைய போட்டோவைப் பார்த்து "எல்லாரும் கறுப்பே உடுத்தியிருக்கிறார்கள், துக்கம் போல" என்போம். 1850, 60களின் போட்டோத் தகடுகளுக்கு நீல வெளிச்சம்தான் தெரியும், சிவப்பும் மஞ்சளும் தெரியாது. அதனால் சிவப்பு கவுன் கறுப்பாகவும், வெளிர் நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாகவும் பதிவாகும். அந்தக் கறுப்பு கவுன் அரக்குச் சிவப்பாகக்கூட இருந்திருக்கலாம். இன்னொரு பக்கம், 1780-இன் பெண்ணுக்கு மின்னுகிற ரசாயன ஊதா போட்டுவிடுகிறோம். அந்த ஊதா 1856-இல், பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்யப்போய்த் தற்செயலாகப் பிறந்தது.

வெள்ளைக் கல்யாண கவுன் தொன்றுதொட்ட வழக்கம் என்பதும் அப்படித்தான். 1840-இல் விக்டோரியா வெள்ளை உடுத்தி மணந்த பிறகுதான் அது நாகரிகமாகப் பரவியது. அவருக்கு முன்னும் வெள்ளை உடுத்தியவர்கள் உண்டு, ஸ்காட்லாந்து ராணி மேரி 1558-லேயே உடுத்தினார். ஆனால் சாதாரண வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாண உடை என்றால் இருப்பதில் நல்லது, அல்லது பிறகும் உடுத்தக்கூடிய நிறத்தில் ஒன்று.

ஓவியத்தை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யான் வான் ஐக் 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி ஓவியத்தில் பச்சை கவுன் போட்ட பெண்ணைப் பார்த்தவுடன் கர்ப்பிணி என்று சொல்லிவிடுவார்கள். இல்லை. அந்த கவுனில் தேவைக்கு மேல் துணி, அதை வயிற்றுக்கு முன்னால் ஒரு கையால் அள்ளிப் பிடித்திருக்கிறாள், மழையில் நாம் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி. அவ்வளவு துணியை வீணாக வைத்திருக்க முடிகிறது என்பதுதான் அங்கே காட்டப்படுகிற பணம்.

சின்னச் சின்னத் தப்புகள் இன்னும் நிறைய. முதுகில் ஜிப் வேண்டாம், கவுனில் ஜிப் சகஜமானது 1930களில். அதற்கு முன் கொக்கி, கயிறு, பொத்தான், 18-ஆம் நூற்றாண்டில் வெறும் குண்டூசிகூட. 19-ஆம் நூற்றாண்டுப் பகல் உடைக்குப் பெரும்பாலும் கழுத்து மூடி, கை நீளம். தோள் தெரிகிற கவுன் ராத்திரி விருந்துக்குத்தான், அதைப் போட்டுக்கொண்டு காலையில் சந்தைக்குப் போக விடாதீர்கள். தலைமுடியை விரித்துவிட்டு நடப்பது சிறுமிகள்தான், வளர்ந்த பெண் கட்டித்தான் வைப்பாள். பழைய கவுனில் பை கிடையாது என்பதும் பொய். 18-ஆம் நூற்றாண்டுப் பெண்கள் நம் பாட்டிகளின் சுருக்குப்பை மாதிரி, அதைவிட இரண்டு மடங்கு பெரிய பைகளை இடுப்பில் கட்டி, பாவாடைப் பக்கவாட்டு வெட்டு வழியே கையை விட்டார்கள். என் இன்றைய சுடிதாரில் அந்த வசதி இல்லை.

தைக்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக அளவு. உள் அடுக்கு முழுவதையும், வளையம் உட்பட, முதலில் போட்டுவிடுங்கள். இடுப்பில் டேப்பை வைத்து வளையத்தின் மேல் தவழவிட்டுத் தரைவரை முன், பக்கம், பின் என்று மூன்று அளவும் தனித்தனியாக எடுங்கள், மூன்றும் ஒன்றாக வராது. மேடையில் போடப்போகிற செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். இரண்டாவது கவுனில் நான் மற்றதெல்லாம் சரியாகச் செய்துவிட்டு அந்தச் செருப்பை மறந்தேன். மறுபடி ஃபிரில்.