சரக்கு போட்ட குச்சி ஐஸ் ஏன் கூழாவே நிக்குது?

டிசம்பர் மாசக் கோடையில தென்னாப்பிரிக்கா டர்பன்ல பிராய், அதான் வெளிய நெருப்புல கறி சுடுறது, போட்டா நெருப்பு பக்கத்துல நிக்கிறவன் கறியோட சேர்ந்து பாதி வெந்துருவான், அந்தப் புழுக்கத்துல கையில ஒரு பழ ஐஸ், அதுக்குள்ளயே கொஞ்சம் வோட்காவோ ரம்மோ இருந்தா யாரு வேணாம்னு சொல்லுவா. அதான் இப்ப ஆளாளுக்கு சிலிகான் மோல்ட் வாங்கி வச்சு காக்டெயில் குச்சி ஐஸ் பண்றாங்க. ஆனா பாதி வீட்டுல இழுத்தா குச்சி மட்டும்தான் வருது, மிச்சமெல்லாம் மோல்டுக்குள்ள கூழா நிக்குது. ஃப்ரீசர் சரியில்ல, மோல்ட் சரியில்லன்னு எல்லாத்தையும் குறை சொல்லுவாங்க, ஆனா முக்காவாசி நேரம் காரணம் ஒன்னுதான், சரக்கை கண்ணளவுல ஊத்துறது.

தண்ணி 0 டிகிரில உறையும், சுத்தமான ஆல்கஹால் உறையணும்னா மைனஸ் 114 வேணும், நம்ம வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 கிட்ட நிக்கும் அவ்ளோதான். அதனால ரெண்டையும் கலந்தா ஆல்கஹால் எவ்ளோ கூடுதோ அவ்ளோ உறையாது. மொத்தக் கலவையில 6, 7 சதவீதம் இருந்தா நல்லா கெட்டியா வரும், 10 தாண்டினா குச்சி ஆட ஆரம்பிக்கும், அதுக்கு மேல போனா ஸ்பூன் எடுத்துட்டு வாங்க.

இதுல நம்ம ஊருக்குன்னே ஒரு கூத்து இருக்கு. நெட்ல பாக்குற அமெரிக்கா ரெசிபி எல்லாம் 40 சதவீத வோட்காவை வச்சு எழுதினது. தென்னாப்பிரிக்காவுல விக்கிற வோட்கா, ஜின், ரம், கேன்ங்கற கரும்புச் சரக்கு எல்லாம் பெரும்பாலும் 43, நம்பலன்னா ஸ்மிர்னாஃப் 1818 பாட்டிலை திருப்பிப் பாருங்க. அதுபோக அவங்க கப் கணக்குல சொல்லியிருப்பாங்க, நம்ம ஆளு டீ குடிக்கிற மக்கை எடுத்து அளப்பாரு, அப்புறம் எங்க உறையும்.

நான் சொல்ற கணக்கு இதுதான். 150 மில்லி வோட்கா, அதாவது இங்க பார்ல ஊத்துற 25 மில்லி டாட்ல 6 டாட், அதோட 850 மில்லி பழச்சாறும் சர்க்கரைப் பாகும் சேர்த்து. 80 மில்லி மோல்டுல 12 ஐஸ் வரும், ஒரு ஐஸுக்கு சுமாரா அரை டாட். வைன்னா பாதிக்குப் பாதி கலந்தாலும் தாங்கும், ஏன்னா அதுவே 12, 13 சதவீதம்தான். அமருலாங்கற கிரீம் லிக்கர் 17, அது லிட்டருக்கு 350 மில்லி வரைக்கும் போலாம். "மச்சான் இதுல ஒன்னுமே தெரியல, இன்னும் ஒரு ஊத்து ஊத்துடா"ன்னு சொல்ற ஒருத்தன் எல்லா கூட்டத்துலயும் இருப்பான், அவனுக்கு தனியா ஒரு கிளாஸ்ல ஊத்திக் குடுத்துட்டு ஐஸ் கலவை பக்கம் வராம பாத்துக்கோங்க.

அடுத்தது சர்க்கரை. ஜில்லுனு இருந்தா நாக்குக்கு இனிப்பு கம்மியாதான் தெரியும், அதனால கலக்கும்போது ருசி பாத்து "ஆஹா சரியா இருக்கு"ன்னு விட்டா உறைஞ்சதும் சப்புனு இருக்கும், கொஞ்சம் திகட்டுற மாதிரி இருந்தாதான் சரி. அதுக்குன்னு ரெண்டு மடங்கு கொட்டவும் கூடாது, சர்க்கரையும் உறையுறதை தள்ளிப் போடும், சரக்கும் சர்க்கரையும் சேர்ந்து கூடிப்போனா விடிஞ்சாலும் தண்ணிதான். சும்மா சர்க்கரையை அப்படியே போட்டு கலக்காதீங்க, அடியில தங்கிரும், தண்ணியும் சர்க்கரையும் சமமா கொதிக்க வச்சு ஆறின பாகுதான் சரி. டயட்டுன்னு சர்க்கரையே இல்லாம பண்ணா ஐஸ் கரகரன்னு இருக்கும்.

பழத்துக்கு இங்க பஞ்சமே இல்ல. டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கிற பங்களாதேஷ் மார்க்கெட்ல வெள்ளி சனி ஒரு சுத்து சுத்தினா மாம்பழம், அன்னாசி, லிச்சி, கிரனடில்லா (பேஷன் ஃப்ரூட்), பாபா (பப்பாளி) எல்லாம் கிடைக்கும். மாம்பழத்தை அரைச்சு வடிகட்டாம விட்டா நார் பல்லுல மாட்டும். கிரனடில்லா விதை கொஞ்சம் இருந்தா பாக்க அழகு, ஆனா முழுசா போட்டா சாப்பிடுறவங்க துப்பிக்கிட்டே இருக்கணும். லிச்சியை முழுசா உள்ள வச்சு போட்டோ எடுக்க நல்லாத்தான் இருக்கும், கடிச்சா கல்லு, பல்லு போயிரும், பொடிசா நறுக்கி கொஞ்சம் சர்க்கரையில பிரட்டி வச்சுட்டு அப்புறம் போடுங்க. சில பேரு பழத்துண்டை ராத்திரி பூரா ரம்முல ஊற வச்சு போடுவாங்க, அது உறையவே உறையாது, அந்த இடத்துலயே ஐஸ் உடையும், போதாக்குறைக்கு ஒருத்தருக்கு பழமே இல்லாத ஐஸு, இன்னொருத்தருக்கு ஒரே கடியில ஒரு டாட்.

அன்னாசி விஷயம் தனியா சொல்லணும். பீச்ல மிளகாப்பொடி மசாலா தூவி விப்பாங்களே, அதே ருசியில வோட்கா போட்டு ஐஸ் பண்ணா பிரமாதமா இருக்கும், நான் எப்பவும் முதல்ல பண்றது அதான். ஆனா பச்சை அன்னாசியை பாலோடயோ கிரீமோடயோ சேக்காதீங்க, அதுல இருக்கிற ப்ரோமலின் பால் புரதத்தை உடைச்சு கசப்பாக்கிரும். கொதிக்க வச்சு ஆற வச்சாலோ, டின் அன்னாசியா இருந்தாலோ பிரச்சினை இல்ல. அமருலால எலுமிச்சையோ கிரனடில்லாவோ பிழிஞ்சா உடனே திரிஞ்சு போகும், அமருலாவுக்கு வாழைப்பழம், காப்பி, சாக்லேட் இதெல்லாம்தான் ஜோடி.

ஐஸ் சீக்கிரம் உருகக் கூடாதுன்னு ஜெலட்டின் போடச் சொல்லுவாங்க. அது மாட்டுலயோ பன்னியிலயோ இருந்து வர்றது, பெரியம்மா மாதிரி சைவக்காரங்க வர்ற வீட்டுல அது ஆகாது, பச்சை அன்னாசி, பாபால அது இறுகவும் இறுகாது. கடல்பாசி, அதான் சைனா கிராஸ், கொஞ்சமா தண்ணில நல்லா கொதிக்க விட்டு சேத்தா ரெண்டு தொல்லையும் இல்ல. அப்புறம் செப்டம்பர் 24 பிராய் டேன்னு கூப்பிட்டா நம்மாளுங்க பாதி பேரு புரட்டாசி விரதத்துல இருப்பாங்க, அன்னைக்கு சரக்கு இல்லாத ஐஸ் நிறைய பண்ணுங்க, இல்லன்னா புரட்டாசி முடியட்டும்.

மோல்டுல விளிம்பு வரைக்கும் ஊத்தாதீங்க, உறையும்போது உப்பும். குச்சியை முதல்லயே சொருகினா சாஞ்சிரும், ரெண்டு மணி நேரம் கழிச்சு கூழா இருக்கும்போது ஒரு கலக்கு கலக்கிட்டு சொருகினா நேரா நிக்கும், அடியில தங்கின பழமும் மேல வரும். மறுநாள் பார்ட்டின்னா முந்தின நாளே போட்டுருங்க, இதுக்கு முழுசா ஒரு நாள் வேணும். அதே ஃப்ரீசர்ல மீனும் மட்டனும் இருந்தா மூடி போடாத மோல்டு எல்லா வாசனையையும் இழுத்துக்கும்.

இதெல்லாம் சரியா பண்ணியும் கடைசியில கோட்டை விடுற இடம் கூலர் பாக்ஸ். வெறும் ஐஸ் கட்டி போட்ட பெட்டியில குச்சி ஐஸை வச்சுட்டு அரை மணி நேரத்துல ஏன் உருகுதுன்னு முழிப்பாங்க. உருகுற ஐஸ் கட்டி 0 டிகிரி, நம்ம சரக்கு ஐஸ் அதுக்கு சில டிகிரி கீழயே இளக ஆரம்பிச்சிரும், அப்ப 0 டிகிரிங்கறது அதுக்கு சூடு. மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு போட்டு கலந்தா மைனஸ் 10க்கும் கீழ போகும், குச்சி ஐஸை நல்லா மூடின ஜிப் பைக்குள்ள போட்டு நடுவுல புதைச்சு வைங்க, உப்புத்தண்ணி உள்ள போனா எல்லாம் போச்சு. லோட் ஷெடிங், அதான் கரண்ட் கட், பழக்கத்துல எல்லார் வீட்டுலயும் ஒரு நல்ல கூலர் பாக்ஸ் இருக்கும்ல, அது இதுக்கு உதவும். கரண்ட் போயி ஒருதடவை உருகினதை திரும்ப அப்படியே உறைய வைக்காதீங்க, சரக்கு ஒரு பக்கம் ஐஸ் ஒரு பக்கம்னு பிரிஞ்சிரும், மிக்ஸியில ஒரு அடி அடிச்சுட்டு ஊத்துங்க.

பிள்ளைங்க ஐஸும் பெரியவங்க ஐஸும் பாக்க ஒன்னுபோலவே இருக்கும், குழந்தைங்க கையை விட்டா எது வருதோ அதைத்தான் எடுக்கும். குச்சி கலர் வேற, பெட்டியும் வேற, பெட்டியை பாத்துக்க பொறுப்பா ஒரு அண்ணனையோ அக்காவையோ போடுங்க. இங்க சட்டப்படி 18 வயசு. வண்டி ஓட்டுறவங்க கிட்டயும் கணக்கை சொல்லிருங்க, ரெண்டு ஐஸ்னா ஒரு டாட், இனிப்பா இருக்குன்னு ஆறு சாப்பிட்டா மூணு டாட், ரத்தத்துல 100 மில்லிக்கு 0.05 கிராம்ங்கறது இங்க லிமிட்டு, ஐஸ்தான சாப்பிட்டேன்னு போலீஸ் ரோட் பிளாக்ல சொன்னா யாரு கேப்பா. உருகும்போது முதல்ல சொட்டுறதுலதான் சரக்கு கூட இருக்கும், அதை நக்கிட்டு ஐஸை கீழ போடுறவனையும் கணக்குல சேத்துக்கோங்க.

எவ்ளோ பாத்தும் உறையலன்னா கொட்டிறாதீங்க, ஐஸ் கட்டியோட மிக்ஸியில அடிச்சு கிளாஸ்ல ஊத்தி மேல கொஞ்சம் ஸ்பிரைட் விட்டா ஸ்லஷ், அதுதான் பிளான்னு சொல்லிக் குடுத்துரலாம்.