தம்பி பொலிவியா ஜெயிலில் இருந்தால்

ஏஜென்ட் கொடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன என் தம்பி, பொலிவியாவில் மாட்டி மூன்று வருஷம் ஆகிறது. அங்கே 1008-ஆம் சட்டப்படி போதைப்பொருள் கடத்தலுக்கு 10 முதல் 25 வருஷம். சேலம் செவ்வாப்பேட்டையில் இருந்தபடி நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் தூதரகம். 1963 வியன்னா ஒப்பந்தப்படி, பிடிபட்டவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் போயாக வேண்டும். வாய் திறந்து கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பணம். பொலிவியாவின் லா பாஸ் நகரில் இருக்கும் சான் பெட்ரோ சிறை உலகறிந்த கதை: காவலர்கள் வெளியே, உள்ளே கைதிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் ராஜ்ஜியம், அறைகூட விலைக்குத்தான். தம்பி இருப்பது அதே ஊரில் வேறு சிறை, ஆனாலும் காசில்லாமல் படுக்க இடமில்லை. நகையை அடகு வைத்து மொத்தமாக அனுப்பினேன். பசை உள்ள ஆள் என்று தெரிந்ததும் ஒரே வாரத்தில் கறந்துவிட்டார்கள். இப்போது மாதாமாதம், கொஞ்சமாக, வக்கீல் கையில்.

லா பாஸ் சுமார் 3,600 மீட்டர் உயரம், நம் ஏற்காடு 1,500 தான். ஏற்காட்டு ஸ்வெட்டரை நம்பாதீர்கள், கனத்த கம்பளி அனுப்புங்கள். பார்சலில் ஜவ்வரிசி, அரிசி மாவு வேண்டவே வேண்டாம். கேஸே வெள்ளைப் பொடி கேஸ்! அம்மா பிடிவாதமாக வைத்த ஜவ்வரிசியைப் பையோடு கிழித்துக் கொட்டிவிட்டார்களாம்.

போன் பேச இங்கே இரவு ஏழரை சரியான நேரம், அங்கே காலை பத்து. ஸ்பானிஷில் எண்களை முதலில் படிக்கச் சொல்லுங்கள். தம்பி "குவான்தோ", அதாவது "எவ்வளவு", என்று கேட்கப் பழகிய பிறகுதான் ரொட்டி விலை பாதியானது.